கேளாதவருக்கு நீட்டிய வலக்கை

டக்கர்ஸ் ஃபோர்டு வார இதழின் ஆசிரியர் அவர்களுக்கும், அவ்விதழை இரங்கற் செய்திகளிலிருந்து படிக்கத் தொடங்கும் ஊர்ப் பெருமக்களுக்கும்,

இவ்வூர்க் கால்நடைச் சந்தையில் வாழ்நாளெல்லாம் ஏலம் கூவி, இன்று குரலை மட்டும் மிச்சமாக வைத்திருக்கும் ஆர்வில் ஸ்டாம்ப்ஸ் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். புல் அறுத்து முடிந்தது. என் மனைவி வில்டாவின் முழங்கால் தேறி வருகிறது. அவளுடைய பொறுமை தேறவில்லை.

பெருமக்களே, என் முறையீட்டை முதலிலேயே வைத்துவிடுகிறேன். காளைக்கு ஓர் எடைமேடை, பசுவுக்கு வேறோர் எடைமேடை என்று வைத்தவன் எந்தச் சந்தையிலும் நிலைத்ததில்லை. நம் பாப்டிஸ்ட் சபையில் அப்படி இரண்டு மேடைகள் இருக்கின்றன. சென்ற ஞாயிறன்று அவ்விரண்டையும் நான் ஒருங்கே கண்டேன்.

நம் மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட் அவைக்குப் போட்டியிடும் ராயஸ் கில்லியம் அவர்கள் அன்று நம் சபையில் பேசுவதாக இருந்தது. கருக்கலைப்புக்கு எக்காரணத்தாலும் விலக்குக் கூடாது என்பதே அவருடைய முதல் முழக்கம், இடை முழக்கம், கடை முழக்கம். அவர் வருவதற்குச் சில நாள் முன்பு தலைநகர் நாளிதழில் ஒரு பெண் பேசினார். இளமையில் தம் கருவைக் கலைக்கத் தம்மை மருத்துவமனைக்கு வண்டியில் அழைத்துச் சென்றவர் இதே ராயஸ்தான் என்றும், முடியும்வரை வாசலில் வானொலி கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தவரும் அவரே என்றும் சொன்னார். செய்தி வந்த அன்றே சபையின் மூப்பர்கள் கூடினோம். மகளிர் குழுத் தலைவி எர்லீன் பக்னர் அம்மையாரும் வந்திருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. அவரை அழைக்கும் வழக்கமும் இல்லை.

“கூட்டத்த ரத்து பண்ணிடலாமா?” என்றார் போதகர் லெட்பெட்டர்.

“எதுக்கு ரத்து பண்ணணும்?” என்றார் எர்லீன். “மன்னிச்சிரலாம். மன்னிச்சிட்டா ஓட்டுப் போடலாம். மன்னிக்காம ஓட்டுப் போட்டாத்தான் மனசு உறுத்தும்.”

“அவரு இன்னும் எதையும் ஒத்துக்கலையேம்மா.”

“ஞாயித்துக்கிழம வந்து ஒத்துக்கட்டுமே. நூறு பேருக்குக் கோழி பொரிக்கணும் போதகரே. அவரு அழுது முடிக்கிற வரைக்கும் எண்ணெய காய வெச்சுக்கிட்டு நிக்க முடியுமா?”

மூப்பர்கள் நாங்கள் தலையாட்டினோம். மறைநூலிலிருந்து மறுமொழி தேடியிருக்கலாம். கோழிக்கு மறுமொழி மறைநூலில் இல்லை.

பாவத்தை அறிக்கையிட்டு முன்னே வந்து நிற்பவருக்குச் சபையார் வரிசையாக வந்து வலக்கை கொடுத்து, அவரை மீண்டும் தம்முள் சேர்த்துக்கொள்வது நம் முன்னோர் வகுத்த முறை. எர்லீன் அம்மையார் அம்முறையில் ஒரேயொரு சிறு திருத்தம் செய்தார். அறிக்கையை விருந்துக்குப் பின்னால் தள்ளி, மன்னிப்பை முன்னால் கொண்டு வந்தார். சபை வாசலின் சாலையோர அறிவிப்புப் பலகையில் எழுத்துகளைத் தம் கையாலேயே கோத்தார்: “ராயஸ், உம்மை மன்னித்துவிட்டோம். நண்பகலில் விருந்து.”

அப்பலகையை முதலில் படித்தது தொலைக்காட்சி வண்டி. அடுத்துப் படித்தவர் வேட்பாளர்.

“யாருங்க இத எழுதுனது?” என்று கேட்டுக்கொண்டே அவர் வண்டியைவிட்டு இறங்கினார்.

“நாங்கதான் தம்பி” என்றார் எர்லீன்.

“எதுக்கு என்ன மன்னிச்சீங்க?”

“எல்லாத்துக்கும்தான். உள்ள வாங்க, ஆறிடப் போவுது.”

போதகர் நின்று பேசும் நம் பிரசங்கப் பீடத்தின் உயரத்தை நீங்கள் அறிவீர்கள். கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டே வாழ்ந்த முந்தைய போதகருக்காகச் செய்யப்பட்டது அது. ராயஸ் கில்லியம் கொள்கையில் உயர்ந்தவராக இருக்கலாம். பீடத்துக்குப் பின்னால் அவருடைய தலைமுடியும் ஒரு சுட்டுவிரலும் மட்டுமே புலப்பட்டன. பொருளாளர் ஓடிச் சென்று, பியானோவுக்கு அடியில் தூசி படிந்து கிடந்த முக்காலியை எடுத்துவந்து போட்டார். வட்டமான முக்காலி, திருகினால் சுழல்வது. யாருடைய முக்காலி என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அதன்மேல் ஏறி நின்று வேட்பாளர் கையை வீசினார். வீசிய ஒவ்வொரு வீச்சுக்கும் முக்காலி சற்றே சுழன்றது. “உண்மை ஒருபோதும் திசை மாறாது” என்றபோது எங்களை நோக்கி நின்றார். “குடும்பமே நாட்டின் அடித்தளம்” என்றபோது சன்னலை நோக்கியிருந்தார். “அந்தப் பொம்பளைய நான் பார்த்ததே இல்ல” என்று ஆணையிட்டபோது, திருமுழுக்குத் தொட்டிக்கு முகத்தையும் எங்களுக்கு முதுகையும் காட்டிக்கொண்டிருந்தார். முழுச் சுற்றும் சுற்றித் திரும்பி வந்தவர், வியர்வையைத் துடைத்தபடி ஒரு சொல் கூட்டினார்:

“அவ அந்தக் காலத்துலயே பொய்க்காரி.”

பின்வரிசையிலிருந்து வில்டாவின் குரல் கேட்டது.

“பார்த்ததே இல்லாதவ அந்தக் காலத்துல பொய் சொன்னது இவருக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா இரு வில்டா. அதையும் சேத்தே மன்னிச்சிரலாம், வரிசைதான் நின்னாச்சே” என்றார் எர்லீன்.

வரிசை நின்றுதான் இருந்தது. பாடல்களைத் தானே இசைக்கும் பாட்டுப்பொறி, மக்களை முன்னே வரச் சொல்லும் அழைப்புப் பாடலைத் தொடங்கிவிட்டது. அப்பொறி தொடங்கினால் எல்லாச் சரணங்களையும் பாடாமல் நிற்பதில்லை. மன்னிக்க வந்தவர்கள் வலக்கையை நீட்டிக்கொண்டு நடந்தார்கள். வேட்பாளர் முக்காலியிலிருந்து இறங்கினார். எதிரே நீட்டிய கை ஒன்று வந்தால் தேர்தல் காலத்து வேட்பாளர் என்ன செய்வார்? குலுக்கினார். அடுத்ததையும் குலுக்கினார்.

“கர்த்தர் உங்கள மன்னிக்கட்டும் தம்பி” என்று இவர்கள் சொல்ல, “மறக்காம ஓட்டுப் போடுங்கண்ணே” என்று அவர் சொல்ல, கடைசிச் சரணம் முடிவதற்குள் சபை முழுவதும் மன்னித்து முடித்தது. அவர் சபை முழுவதிடமும் வாக்குக் கேட்டு முடித்தார். என் கையையும் குலுக்கினார். நல்ல அழுத்தமான பிடி. சந்தையில் நோயுற்ற மாட்டை விற்பவர்களுக்கு அத்தகைய பிடி இருக்கும்.

அன்று மாலையே எதிர்க்கட்சி வேட்பாளர், “அழைத்த சபையே அவரை மன்னித்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது?” என்று அறிக்கை விட்டார். ராயஸ் தரப்போ, “பொதுமக்கள் திரண்டு வந்து கைகொடுத்தார்கள்” என்றது. எர்லீன் அம்மையார் மட்டும் நிறைவுடன் இருக்கிறார். ராயஸ் வென்றால் அந்த முக்காலியில் “இதன்மேல் செனட்டர் நின்றார்” என்று பித்தளைத் தகடு பதிக்க ஆணை கொடுத்துவிட்டார். தோற்றால் மீண்டும் பியானோவுக்கு அடியில்.

இனி முக்காலிக்கு வருகிறேன்.

அது என் தம்பி மகள் டானெட்டினுடையது. பள்ளிப் பருவத்தில், தான் வளர்த்த கன்றை என் ஏலத்தில் விற்ற கையோடு, அதே ஏலத்தில் அவள் எடுத்தது. அதில் அமர்ந்துதான் இச்சபையின் திருமணங்களுக்கும் அடக்கங்களுக்கும் அவள் பியானோ வாசித்தாள். சில ஆண்டுகளுக்கு முன் அவளும் ஒரு கருவைக் கலைத்தாள். காரணம் எனக்குத் தெரியாது, நான் கேட்டதுமில்லை. அவள் எர்லீன் அம்மையாரிடம் தனியே சென்று, “எனக்காக ஜெபம் பண்ணுங்க அத்தை, வேற யாருக்கும் சொல்ல வேணாம்” என்றாள். அம்மையாரும் நேர்மையாகவே நடந்தார். ஒருவர் இருவரிடமும், அவ்விருவர் நால்வரிடமும் வேண்டுதலைச் சேர்க்கும் நம் தொலைபேசித் தொடரில், வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னார். விளக்கேற்றும் நேரத்துக்குள் ஊரே அவளுக்காக வேண்டிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு போதகர் அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

“மனசு ஆறுற வரைக்கும் பியானோ வேணாம்மா.”

“யாரு மனசு?” என்றாள் டானெட்.

அவளுக்காக வரிசை நிற்கவில்லை. வலக்கை நீளவில்லை. கோழி பொரியவில்லை. பாட்டுப்பொறி வாங்கப்பட்டது. அவள் சாலையைக் கடந்து, எதிரேயுள்ள மெதடிஸ்ட் சபையில், சமையலறை நாற்காலியில் இரண்டு பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் அமர்ந்து வாசிக்கிறாள். கோடைக்காலத்தில் சன்னல் திறந்திருந்தால் எங்களுக்கும் கேட்கும்.

கருக்கலைப்பு பாவம் என்பதே இச்சபையின் கொள்கை. என் கொள்கையும் அதுவே. அதை இங்கே வழக்காட வரவில்லை. நான் கேட்பது எடைமேடையைப் பற்றி. நம்மிடம் எதுவும் கேளாத ஒருவருக்கு, எதையும் ஒப்புக்கொள்ளாத ஒருவருக்கு, ஒரே வாரத்தில் மன்னிப்பைச் சமைத்துப் பரிமாற முடிந்ததென்றால், நம் பிள்ளைக்கு அதை ஏன் இத்தனை ஆண்டுகள் அடுப்பிலேயே வைத்திருந்தோம்?

ஆகவே, சபையோரே, வரும் ஞாயிறு அதே பலகையில், அதே எழுத்துகளால், டானெட்டின் பெயரைக் கோத்து வையுங்கள். அதே வரிசையில் நில்லுங்கள். அதே வலக்கையை நீட்டுங்கள். கோழியும் அதே அளவு இருக்கட்டும்.

உங்கள் தொழுவங்களில் நோய் அணுகாதிருக்கவும், உங்கள் தொலைபேசிகள் சற்றே ஓய்ந்திருக்கவும் வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஆர்வில் ஸ்டாம்ப்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இக்கடிதத்தை டானெட்டிடம் படித்துக் காட்டினேன். பட்டாணி உரித்தபடி முழுவதையும் கேட்டாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க பெரியப்பா. கிழிச்சுப் போட்டுருங்க.”

“ஏன்மா?”

“கேக்காத ஆளுக்கு மன்னிப்புக் கொடுத்தாங்கன்னுதானே ஊரக் கேலி பண்றீங்க? நான் மட்டும் கேட்டேனா?”

நான் கடிதத்தைப் பாதியாக மடித்தேன்.

“என் பேர அந்தப் பலகையில மாட்டுனா, ஏணி போட்டு நானே எறக்குவேன். எர்லீன் அத்தை கை எனக்கு வேணாம். என்கிட்ட வர்றதுக்குள்ள அது நாலு வீட்டுக்குப் போயிட்டுத்தான் வரும்.”

“அப்ப உனக்கு என்னதான் வேணும்?”

“என் ஸ்டூலு. அந்த நாற்காலியில உக்காந்து முதுகு போகுது பெரியப்பா. எத்தன தடவ போதகர்கிட்ட ஆள் அனுப்பிட்டேன்.”

அந்த முக்காலியைக் கேட்பதற்காக மட்டுமே இக்கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். ஆகவே, ஆசிரியரே, மேலே நான் கோரியவற்றில் எதையும் யாரும் செய்ய வேண்டாம். எர்லீன், தகட்டுக்கான திருகாணிகளைக் கீழே வையுங்கள். போதகரே, சாவியை எடுங்கள். இவ்விதழ் உங்கள் வாசலில் விழும் இக்காலையில், என் வண்டி பின்கதவு திறந்தபடி சபை வாசலில் நிற்கிறது. யாரும் வலக்கை நீட்ட வேண்டாம். இரண்டு கைகளாலும் அந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.