காலில் முள்ளும் காடெல்லாம் ஃபீவரும்

ஒரு காட்டில் வீரணன் என்றொரு கரடி இருந்தது. சிங்க ராஜாவின் அலுவலகத்தில், தேன் பிரிவில் வேலை. தினமும் முப்பது மரம் ஏறி இறங்க வேண்டும். ஒரு நாள் அதன் வலது உள்ளங்காலில் கருவேல முள் தைத்து, முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. கால் பூசணிக்காயாக வீங்கியது. லீவு கிடைக்காவிட்டால் கால் போய்விடும். சொல்லாமல் நின்றால் வேலை போய்விடும். பாவம், இரண்டும் அதற்கு வேண்டியிருந்தது.

அந்தக் காட்டில் லீவு லெட்டரை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம். மொத்தக் காட்டுக்கும் தெரிந்ததோ ஒரே ஒரு லெட்டர். காட்டோரப் பள்ளிக்கூடத்து ஜன்னலில் உட்கார்ந்து கிளி கேட்டு வந்தது: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ மான் தங்கை கல்யாணத்துக்குப் போனாலும் ஃபீவர், குரங்கு பிள்ளைக்குக் காது குத்தினாலும் ஃபீவர்.

வீரணனுக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. ‘காலில் முள்’ என்று தமிழிலேயே எழுதி மேனேஜர் நரியிடம் நீட்டியது.

“ஏம்ப்பா, இருபது வருஷ ரெக்கார்டுல இங்க யாருக்கும் முள்ளு குத்தினதே இல்ல. உனக்கு மட்டும் எப்படிக் குத்தும்? ஃபீவர்னு எழுதிட்டு வா” என்றது நரி.

மூன்று நாள் நொண்டிக்கொண்டே மரம் ஏறிய பிறகு, வீரணன் அழுதுகொண்டே ஃபீவர் என்று எழுதியது.

கெட்ட நேரம், அன்றைக்குத்தான் ராஜா ரெஜிஸ்டரைப் புரட்டினார். ஒரே வருஷத்தில் எழுநூறு ஃபீவர். கொள்ளைநோய் என்று பதறிப்போய்க் கொக்கு டாக்டரை வரவழைத்தார். கொக்கு, கடைசியாக லெட்டர் கொடுத்த வீரணனின் கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சூடே இல்லை என்றது. பொய் எழுதியவர்கள் அத்தனை பேரையும் காட்டைவிட்டே துரத்துவேன் என்று ராஜா உறுமினார். மானுக்கும் குரங்குக்கும் வியர்த்துவிட்டது. வேறு வழியில்லாமல் கிளி வாயைத் திறந்தது.

“ராஜா, ஃபீவர்ங்கிறது ரோமாபுரிக்காரங்க உடம்புச் சூட்டுக்கு வச்ச பேரு. அங்கேருந்து இங்கிலாந்து போயி, கப்பலேறி நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, லீவு லெட்டர்ல உட்கார்றதுக்குள்ள சூடு ஆறிப்போச்சு. இப்ப அதுக்கு ‘நாளைக்கு வரமாட்டேன்’னு மட்டும்தான் அர்த்தம்.”

ராஜா யோசித்தார். மாமனார் வந்த நாள்களில் தாமே எழுதித் தாமே கையெழுத்துப் போட்ட பதினாலு ஃபீவரும் அதே ரெஜிஸ்டரில்தான் இருந்தன. கிளி சொன்னதே சரி, இனிமேல் ஃபீவருக்குச் சூடு இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். வீரணனின் வீங்கிய காலைப் பார்த்து மூன்று நாள் லீவும் கொடுத்தார். கொக்கு அலகாலேயே முள்ளைப் பிடுங்கிப் போட்டு, அதை ரெஜிஸ்டரிலும் எழுதிவைத்தது.

ஆனால் உள்ளே சீழ் வைத்திருந்ததால், மூன்றாம் நாள் வீரணனுக்கு நிஜமாகவே காய்ச்சல் அடித்தது. உடம்பு நடுங்கினாலும் அதற்கு ஒரே சந்தோஷம், இந்தத் தடவை பொய் சொல்ல வேண்டியதில்லை. ஃபீவர் என்று அழகாக எழுதிக்கொண்டு நரியிடம் போனது.

நரி அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

“நெருப்பாக் கொதிக்குதே. இதை வச்சுக்கிட்டு ஃபீவர்னு எழுதலாமா? உத்தரவைப் படிக்கலையா நீ?” என்று இழுப்பறையைத் திறந்தது. “உன் முதல் லெட்டர் பத்திரமா இருக்கு. இப்பதான் முள்ளும் ரெக்கார்டுல ஏறிடுச்சே. தேதியை மட்டும் மாத்திக் குடு, சாங்ஷன் பண்றேன்.”

வீரணன் முள் இல்லாத தன் காலைப் பார்த்தது. பிறகு தேதியை மாற்றியது.

நீதி: உண்மையைத் தாராளமாக எழுதலாம், அது பொய்யாகும் வரை பொறுத்திருந்தால் போதும்.