ரிஜெக்ட் அண்ணனும் என் கம்ப்யூட்டரும்

சாமியே நேரில் வந்து ஒரகடத்தில் இறங்கினாலும் ரிஜெக்ட் அண்ணன் மேசையில் முதல் தடவையிலேயே பாஸ் ஆகிவிட முடியாது. "டிராயிங்ல ரெண்டு கைதானே கீது, இன்னா நாலு கீது?" என்று கேட்டுச் சிவப்பு டேக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் கம்பெனி கேன்டீனில் விசாரித்துக்கொள்ளலாம்.

கார் சீட்டுக்கு உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் லைனில் நாலு வருஷம் கான்ட்ராக்ட் ஆபரேட்டராக நின்றவள். வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு பொருளும் முதலில் ரிஜெக்ட் அண்ணன் மேசைக்குப் போகும். அளவு சரியாக இருந்தால் ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் 'ஓகே' என்று எழுதிய பச்சை ஸ்டிக்கர். இல்லாவிட்டால் சிவப்பு டேக். ஸ்டோரில் சிவப்பு டேக் மாதா மாதம் தீர்ந்துபோகும். பச்சை ஸ்டிக்கர் ரோல் எந்தக் காலத்திலோ வாங்கியது, அப்படியே இருந்தது.

அவர் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ஐடி கார்டில் இருந்திருக்கும். ஆனால் கார்டைத் திருப்பித்தான் போட்டிருப்பார். "போட்டோ ஃபோகஸ் சரியில்ல, ரிஜெக்ட்" என்பார். தன் முகத்தையே பாஸ் பண்ணாத மனுஷன் வேறு எதைப் பண்ணுவார்?

சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, வெர்னியர் இருக்கும். எம்எம் கணக்கில் அளவு பார்க்கிற இரும்புக் கருவி அது. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் மெதுவடை வாங்கினால் முதலில் ஓட்டைக்குள் வெர்னியரை விடுவார். "நேத்து பதினெட்டு எம்எம், இன்னிக்கி இருவத்தி ரெண்டு. நடுவுல இருந்த மாவு எங்க போச்சி?" டீக்கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஓட்டைய நீ எடுத்துனு போ. வடைய இங்கயே வெச்சிட்டுப் போ" என்றார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஏறும்போதும் இதே கதைதான். டயரைக் குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் சீட்டு நிறைந்து ஆட்டோ போய்விடும். தினமும் மூன்றாவது ஆட்டோவில்தான் வருவார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஸ்டிக்கரைப் பெட்டியில் ஒட்டக் கூடாது, பொருளின் மேல்தான் ஒட்ட வேண்டும். "பாக்ஸு மாறும் ம்மா, பார்ட்டு மாறாது." இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கான்ட்ராக்ட் முடிய ஒரு மாதம் இருந்தபோது டிசைன் ஆபீஸில் ஓர் இடம் காலியானது. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. விண்ணப்பம் போட்டேன். மூன்று வாரத்தில் டெஸ்ட். கம்ப்யூட்டரில் ஒரு பார்ட்டை வரைந்து காட்ட வேண்டும். தேறினால் பெர்மனென்ட், தேறாவிட்டால் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாலிடெக்னிக்கில் அந்தச் சாஃப்ட்வேரில் வரைந்தது. லைனில் ஸ்பேனர் பிடித்துப் பிடித்து, மவுஸ் பிடிப்பதே மறந்திருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவருடைய போனஸ் முப்பதாயிரம்தான் எங்கள் பட்ஜெட்.

"லேப்டாப் ஒண்ணு தவணையில வாங்கிடலாம்னு இருக்கோம்" என்று கேன்டீனில் தோழியிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. பின்னால் இருந்து குரல் வந்தது.

"லேப்டாப்பா? தொறக்க முடியாத பொட்டி ம்மா அது. உள்ள இன்னா போட்டுக்கிறான்னு எப்டி பாப்ப? பார்ட்டு பார்ட்டா வாங்கு. நாம சேத்துக்கலாம். நான் பாத்துத் தரேன்."

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா அண்ணா?"

"தெரியாது. ரிஜெக்ட் பண்ணத் தெரியும்."

ஒரு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்தார். வெள்ளிக்கிழமை நாலு பக்கத்துக்கு ஒரு செக்லிஸ்ட்டோடு வந்தார். சிரிக்கலாம் என்றுதான் வாங்கிப் பார்த்தேன், ஆனால் அத்தனையும் நியாயமாக இருந்தது.

"கிராபிக்ஸ் கார்டு வேணாம். உள்ளயே கிராபிக்ஸ் கீற பிராசசரா வாங்கு. நீ வரையப்போறது சீட்டு பிராக்கெட்டு, அதுக்கு இது போதும். ராம் எட்டு ஜிபி ரெண்டா போடு. ஒண்ணே ஒண்ணு போட்டா ஒத்தை ரோட்ல லாரி போறா மாதிரி. பழைய ஹார்ட் டிஸ்கு பக்கம் போவாத, எஸ்எஸ்டி சின்னதா இருந்தாலும் அதான். எதுல வேணா மிச்சம் புடி, பவர் சப்ளைல மட்டும் புடிக்காத. எல்லாத்துக்கும் சோறு போட்றது அதான்."

சனிக்கிழமை குன்றத்தூரில் மலையடிவாரத்துக் கடைக்குப் போனோம். சலீம் பாய் கடை. பாய் ஆசையாகச் சுற்றிலும் கலர் லைட் எரிகிற கண்ணாடி கேபினெட்டை எடுத்து வைத்தார்.

"இன்னா பாய், கம்ப்யூட்டரா கல்யாண மண்டபமா? லைட்டு இல்லாதது எடுங்க."

லைட் இல்லாதது வந்தது. உள் ஓரமெல்லாம் விரலை ஓட்டினார். "பிசிறு கீது. கைய கிழிக்கும்." நாலாவது கேபினெட்தான் தேறியது. பவர் சப்ளையைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி எடை பார்த்தார். "இதுல காத்துதான் கீது" என்று ஒன்றை வைத்துவிட்டு, விலை கூடுதலாக இருந்த கனமான ஒன்றை எடுத்தார். அதைச் சரிக்கட்ட மானிட்டரை மட்டும் பழையதாக வாங்குவது என்று முடிவு. திரையை வெள்ளையாக்கி, கறுப்பாக்கி, சிவப்பாக்கி, மூக்கு முட்டுகிற தூரத்தில் அரை மணி நேரம் பார்த்தார்.

"ஒரு புள்ளி செத்துக் கெடக்குது."

"ஒரே புள்ளி சார், கண்ணுக்கே தெரியாது" என்றார் பாய்.

"எனக்குத் தெரிஞ்சிதே."

அடுத்த மானிட்டர் பாஸ். பிறகு கடையின் கம்ப்ளெய்ன்ட் ரிஜிஸ்டரைக் கேட்டார். "அப்டி ஒண்ணும் இல்ல சார். நேரா என் மூஞ்சிலதான் திட்டுவாங்க" என்றார் பாய். பாவம், எல்லாவற்றையும் தானே இலவசமாக மாட்டித் தருவதாகவும் சொன்னார். அண்ணன் ஒப்பவில்லை. தன் கண் முன்னால் மாட்டாததைத் தான் எப்படிப் பாஸ் பண்ணுவது என்று கேட்டார். நாங்கள் கிளம்பும்போது பாய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கோரைப்பாயில் பேப்பர் விரித்து, கம்பெனி கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிராசசர், அதற்கு மேல் வைக்கிற ஃபேன், மதர்போர்டு, ராம் என்று ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பார்த்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பச்சை ஸ்டிக்கர் ரோல் வெளியே வந்தது. எந்த அட்டைப் பெட்டியிலும் ஒட்டவில்லை. பொருளின் மேல், நட்ட நடுவில், கட்டை விரலால் ஓரம் தூக்காமல் அழுத்தி ஒட்டினார். மொத்தம் ஒன்பது. "இவரு கையால பச்சையா? தேதிய எழுதி வெச்சிக்க" என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். கம்பெனியில் ஒரு வருஷத்தில் கொடுப்பதை எனக்காக ஒரே காலையில் கொடுத்துவிட்டாரே.

சுவிட்சைப் போட்டதும் திரை வந்தது. சாஃப்ட்வேரைப் போட்டு ஒரு பிராக்கெட் வரைந்தேன். கை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வரைந்ததைத் திரையில் இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தேன். பட்டென்று எல்லாம் அணைந்துபோனது.

மறுபடி போட்டோம். பத்து நிமிஷம். மறுபடி அணைந்தது.

எங்கள் கம்பெனியில் எது பழுதானாலும் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்க வேண்டும் என்பது முறை. அண்ணன் காலண்டர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஏன் நின்னுது?"

"தெரியல அண்ணா."

"ஏன் தெரியல?"

ஐந்தாவது 'ஏன்' வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க ரிஜெக்ட் வாரம். பவர் சப்ளை ரிஜெக்ட். பாய் முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். புதியதற்கும் பச்சை ஒட்டினார். அப்படியும் நின்றது. ராம் ரிஜெக்ட். நின்றது. எங்கள் வீட்டு பிளக் பாயிண்ட் ரிஜெக்ட். கடைசியில் வீட்டு ஓனரிடமே போய், "உங்க வூட்டுக் கரன்ட்டு சரியில்ல, ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஓனர் எங்களை ரிஜெக்ட் செய்யாமல் இருக்க என் வீட்டுக்காரர் கையைக் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அந்த ஃபேன கழட்டிப் பாப்பமா அண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓடுற ஃபேன எதுக்கு ம்மா கழட்டணும்?"

டெஸ்ட்டுக்கு ஆறு நாள் இருந்தது. நான் அதுவரை முழுசாக ஒரு படம்கூட வரைந்து முடிக்கவில்லை. கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு, "போதும் அண்ணா. எனக்கு லைனும் இல்ல, டிசைனும் இல்ல. விட்டுடலாம்" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், மறைப்பானேன். அண்ணன் எழுந்து போய் அரை நாள் பர்மிஷன் எழுதிக் கொடுத்தார். அவர் சர்வீஸில் அதுதான் முதல் பர்மிஷன் என்று சூப்பர்வைசர் சொன்னார். எனக்கும் சேர்த்து எழுதியிருந்தார். என் வீட்டிலிருந்து கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பாய் கடைக்கு வந்தார். அன்றைக்கு டயரைப் பார்க்கவில்லை.

பாய் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி ஃபேனைத் தூக்கினார். பிராசசர் மேல் சூட்டைக் கடத்தத் தடவுகிற பேஸ்ட் அப்பியிருந்தது. அதற்கு நடுவில், ஓரம் சுருண்டு, பாதி கருகி, ஒரு பச்சை ஸ்டிக்கர். 'ஓகே' என்ற எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஒரு வாரமாகப் பட்ட பாட்டுக்கு பாய் விழுந்து விழுந்து சிரித்திருக்கலாம். சிரிப்பு வரத்தான் செய்தது, வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்தபோது சிரிப்பு இல்லை.

"சூடு இப்டி மேல ஃபேனுக்கு ஏறணும் அண்ணா. நடுவுல ஸ்டிக்கர் மறிச்சிடுச்சி. அது தாங்காம தானா ஆஃப் ஆயிடுது. ஒண்ணும் கெட்டுப்போகல. இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

சுரண்டித் துடைத்து, புது பேஸ்ட் வைத்து மாட்டினார். ஒரு மணி நேரம் படத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. அண்ணன் வாசலில் போய் நின்றுகொண்டிருந்தார். பாய் என்னிடம் மெதுவாக, "பதினாறு வருஷமா கட வெச்சிகினு கீறேன், ஒருத்தருக்கும் இப்டி நடந்ததில்ல. அவருகிட்ட சொல்லிடாத ம்மா" என்றார்.

மறுநாள் ரிஜெக்ட் அண்ணன் கேன்டீனுக்கு வந்தபோது அவர் சட்டைப் பொத்தானில் ஒரு சிவப்பு டேக் தொங்கியது. முறைப்படி நிரப்பியிருந்தார். பழுது: 'பரிசோதகர் ஒட்டிய ஸ்டிக்கர்'. காரணம்: 'பரிசோதகர்'. ரெண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், கண் கலங்கியிருந்ததால் முடியவில்லை.

"கழட்டுங்க அண்ணா, எல்லாரும் பாக்கிறாங்க."

"வேல சரியாவாம டேக்கு கழட்டக் கூடாது ம்மா. நீ பாஸ் ஆவுற வரைக்கும் கெடக்கட்டும்."

டேக்கோடு வேலை பார்த்தார், டேக்கோடு வடையை அளந்தார். நான் லீவு போட்டு நாலு நாள் வரைந்து தள்ளினேன். ஐந்தாவது நாள் காலை டிசைன் ஆபீஸ் படிக்கட்டில் எனக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். தலையிலிருந்து கால்வரை என்னை ஒருமுறை பார்த்தார். பையிலிருந்து ஸ்டிக்கர் ரோலை எடுத்து, ஒன்றைக் கிழித்து, விரலில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நான் ஒட்ல ம்மா. என் கை சரியில்ல. நீயே வெச்சிக்க."

"பார்ட்டு மேலதானே ஒட்டணும் அண்ணா?" என்று புறங்கையை நீட்டினேன். ஒட்டினார். கட்டை விரலால் ஓரத்தைச் சுற்றி அழுத்தினார்.

தேறிவிட்டேன். முடிவு தெரிந்த அன்று நானே கத்தரிக்கோல் கொண்டுபோய் அவர் பொத்தானிலிருந்து டேக்கை வெட்டினேன். வெட்டிய நூல் நீளம் ஒரே சீராக இல்லை என்றார்.

இப்போது நான் வரைகிற பிராக்கெட்டுகள் பொருளாகி அவர் மேசைக்குத்தான் போகின்றன. போன மாதம் முதல் லாட்டே சிவப்பு டேக்கோடு திரும்பியது. போன் போட்டு, "அண்ணா, அது நான் வரைஞ்சது" என்றேன்.

"தெரியும் ம்மா. அதான் மூணு தடவ அளந்தேன்."

அந்தக் கம்ப்யூட்டர் இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது, எட்டுப் பச்சை ஸ்டிக்கரோடு. ஒன்பதாவதை அன்று பாய் சுரண்டிப் போட்டபோது யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். கருகிய ஓரத்தோடு என் ஐடி கார்டு உறைக்குள், போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.