பூட்டின வீட்டில் எட்டு யூனிட்

"ஏறியிருக்கு! மறுபடியும் ஏறியிருக்கு!"

ஸ்டூல் மேல் ஏறி மீட்டர் பெட்டிக்குள் மூக்கை நுழைத்திருந்த மைக்ரான் போட்ட சத்தத்தில், ஸ்டூலைப் பிடித்திருந்த மனைவி கையை விட்டுவிட்டாள். ஸ்டூல் ஆடியது. மைக்ரான் மீட்டர் பெட்டியையே கட்டிப்பிடித்துத் தப்பினார்.

"எவ்வளவுங்க?"

"முந்தாநாள்ல இருந்து பன்னெண்டு யூனிட். நாளுக்கு ஆறு! பூட்டின வீட்டுல!"

மைக்ரான் என்பது தொழிற்சாலை வைத்த பெயர். பேரிங் தயாரிக்கும் இடத்தில் முப்பத்துநாலு வருஷம் தரப் பரிசோதகர். ஒரு மைக்ரான் பிசகினாலும் லாரியோடு திருப்பி அனுப்பியவர். ஓய்வு பெற்று மூன்று மாதமாகியும் அந்தக் கண் ஓயவில்லை. மனைவி பால் காய்ச்சினால் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நிற்பார். குளிர்சாதனப் பெட்டியை அவள் எத்தனை தரம் திறந்தாள் என்று கோடு போட்டு வைப்பார். "நேத்து பதினாலு தரம். குறைக்கலாம்."

இரண்டு தெரு தள்ளி இருந்த அவர்களுடைய இன்னொரு வீடுதான் இப்போது தகராறு. குடியிருந்தவர்கள் காலி செய்து நாலு மாதம். முதல் மாதம் மீட்டர் அசையவே இல்லை. அதற்கப்புறம்தான் வினை.

வாடகைக்கு வர ஒரு பல் டாக்டர் தயாராக இருந்தார். மைக்ரான் நேர்மையின் திலகமாயிற்றே, மீட்டர் கணக்கை வரைபடமே போட்டு அவரிடம் காட்டிவிட்டார். டாக்டர் வெலவெலத்துப் போனார். "பூட்டின வீட்டுல கரண்ட் ஓடுதுன்னா எங்கயோ லீக் சார். என் பசங்க சுவத்துல கை வச்சே நடக்கிறவங்க. ஒண்ணாம் தேதிக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா வேற வீடு பார்த்துக்கிறேன்."

ஒண்ணாம் தேதிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. போனால் ஒரு நல்ல குடித்தனக்காரர் போவார். அதோடு, ஒரு பழுதும் தப்பவிடாத மைக்ரான் சொந்த வீட்டில் தோற்றார் என்ற பெயரும் வரும்.

"நமக்கெதுக்குங்க வாடகை? வீடு பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றாள் மனைவி.

"வாடகை கிடக்கட்டும்மா! இது மானப் பிரச்சினை!"

தொழிற்சாலை வழக்கப்படி, ஒவ்வொரு ஆய்வுக்கும் முதல் நாளே அறிவிப்பு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவார். 'செவ்வாய், மாலை நாலு முதல் ஆறு வரை.' சொல்லாமல் போய்ச் சோதிப்பது அவர் அகராதியில் அநாகரிகம். அவர் ஒட்டிய அறிவிப்புகளை இத்தனை வருஷத்தில் வரி விடாமல் படித்த ஒரே ஆள் மனைவிதான். மைக்ரானுக்கு அதில் ரொம்பப் பெருமை.

முதல் நடவடிக்கையாக, படுக்கையறை மின்விசிறியைக் கழற்றினார். அந்த அறையில் ஒரு கட்டிலும் அதைவிட வயதான ஏசியும் இருந்தன. ஏசியைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. 'ஓடுகிற இயந்திரம் சூடாக இருக்கும். இது ஜில்லென்றிருக்கிறது. ஆகவே நிரபராதி' என்று நோட்டில் எழுதினார். கட்டிலில் விரலால் கோடு இழுத்தார். துளி தூசி இல்லை. 'ஜன்னல் பொருத்தம் அபாரம்' என்று அதையும் எழுதினார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஆறு எட்டாகியிருந்தது!

"ஃபேனைக் கழட்டினா கரண்ட் எப்படிய்யா கூடும்?"

கேட்டது 'ஷாக்'கிடம். ஷாக் என்பது அந்த வட்டாரத்து எலக்ட்ரீஷியன். தொழிலில் வாங்கிய அடிகளுக்காகக் கிடைத்த பட்டம்.

"மெயினையே ஆஃப் பண்ணிட்டுப் பூட்டிட்டுப் போவோம் சார். அப்புறம் எப்படி ஓடுதுன்னு பாத்துடலாம்."

ஆஃப் செய்தார்கள். பூட்டினார்கள். சாவி வழக்கம்போல வீட்டில், அறிவிப்புக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. இரண்டு நாள் கழித்து அறிவித்த நேரத்துக்கு வந்து திறந்தார்கள். மெயின் ஆஃப் செய்தபடியே இருந்தது. மீட்டரில் பதினாறு யூனிட் ஏறியிருந்தது!

ஷாக்குக்கு முதல் தடவையாகக் கம்பியைத் தொடாமலே ஷாக் அடித்தது.

"சார், இது மனுஷ வேலையா எனக்குத் தோணல..."

"உளறாதய்யா! மெயின் ஆஃப், மீட்டர் ஓடுது. அப்படின்னா?"

"மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல எவனோ இழுக்கிறான்!"

"பிடிச்சேன்!" என்று துள்ளினார் மைக்ரான். அவர் பார்வை மீட்டர் பெட்டியை உரசிக்கொண்டு மதில் தாண்டிப் போகும் ஒரு கறுப்பு ஒயர் மீது விழுந்தது. ஷாக் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கட்டிங் பிளேயரைப் பிடுங்கி நறுக்கென்று வெட்டினார்.

மதிலுக்கு அப்பால் ஒரு அலறல். பக்கத்து வீட்டு டீச்சரின் தலை எழுந்தது. வீட்டிலிருந்தபடி கணினி வழியே கணக்குப் பாடம் நடத்துபவர்.

"யார் சார் என் இன்டர்நெட் ஒயரை வெட்டினது? இருபத்திரண்டு பசங்க பாதிக் கணக்குல நிக்கிறாங்க!"

"கரண்ட் திருடறவங்க பாடம் வேற நடத்தறீங்களா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். டீச்சரின் முகம் சிவந்தது.

"திருடியா? நானா? உங்க வீட்டு கரண்ட் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும் சார். சொல்லலாம்னுதான் இருந்தேன். இனிமே சாகுற வரைக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்!"

தலை மறைந்தது. மைக்ரான் புது ஒயர் போட்டுக் கொடுத்தார். மதிலோரம் நின்று மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். பதிலுக்கு ஜன்னல் சாத்தும் சத்தம்தான் கேட்டது.

மீட்டர் மட்டும் எட்டு எட்டாகத் தாவிக்கொண்டிருந்தது. ஒண்ணாம் தேதிக்கு ஏழு நாள்.

அன்று சாப்பிடும்போது மைக்ரான் எழுந்து நின்றே அறிவித்தார். "முடிவு பண்ணிட்டேன்! நாளையில இருந்து காலைல ஒன்பது மணிக்குப் போய் சாயங்காலம் ஆறு வரைக்கும் அங்கதான் உக்காரப் போறேன். மீட்டர் முன்னாடியே!"

மனைவியின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

"தினமுமா?"

"தினமும்!"

"காலைல இருந்து சாயங்காலம் வரைக்குமா?"

"ஒரு நிமிஷம் குறையாம!"

"நல்லாப் போயிட்டு வாங்க!" அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அடுக்குப் பாத்திரத்துல சாப்பாடு கட்டித் தர்றேன். தலையணை வேணுமா? அவசரமே வேண்டாம், ஏழு மணிக்குக்கூட வாங்க."

எப்பேர்ப்பட்ட துணைவி என்று மைக்ரான் பூரித்துப்போனார்.

மறுநாளே இன்னொரு நல்ல சேதியும் வந்தது. கால் சுளுக்கிக் கிடந்த தன் தங்கையைப் பார்க்க மனைவி மூன்று மாதமாகத் தினமும் பதினொரு மணிக்குக் கிளம்பி மூன்றரைக்குத் திரும்புவாள். அந்தச் சுளுக்கு ஒரே ராத்திரியில் பூரணமாகக் குணமாகிவிட்டதாம்.

மைக்ரான் காவல் இருந்தார். முதல் நாள், பூஜ்யம். இரண்டாம் நாள், பூஜ்யம்! வேர்வை ஊற்ற, ஒரு ஃபேன்கூடப் போடாமல், கண் கொட்டாமல் மீட்டரை முறைத்தார். ஏழு நாளும் மீட்டர் ஒரு புள்ளி நகரவில்லை.

"பார்வைய்யா! பார்வைக்கே பயந்துடுச்சு!" என்று ஷாக்கின் முதுகில் தட்டினார்.

பல் டாக்டர் வந்தார், மீட்டரைப் பார்த்தார், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். சாவி கைமாறியது.

வெற்றி வீரராக மைக்ரான் மடக்கு நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். மதிலுக்கு மேல் டீச்சரின் தலை. பேசுவதில்லை என்ற சபதத்தையும் மீறி அவர் வாய் திறந்துவிட்டது.

"வாடகைக்கு விட்டாச்சா? அப்போ நாளையில இருந்து நீங்க பழையபடி வீட்டுலதானா? ஐயோ பாவம்... உங்க வீட்டம்மா இனிமே பகல்ல ஏசியைப் போட்டுக்கிட்டு நிம்மதியாப் படுக்க எங்க சார் போவாங்க?"