கம்பெனிக் காசைத் தொடப்படாது

உலகத்தில் ஒரு பை வைத்திருப்பவர்கள் உண்டு, இரண்டு பை வைத்திருப்பவர்களும் உண்டு. ஆசையாக இரண்டு பை தைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவிலுள்ள துணியைக் கத்தரித்து விடுகிறவர்கள் மூன்றாவது ரகம். புதிதாகக் கம்பெனி ஆரம்பித்தவர்களில் இந்த ரகம்தான் மழைக்காலக் கொசுவாகப் பெருகிக் கிடக்கிறது. எங்கும் போய்த் தேட வேண்டாம். தாராவியில் நின்று "எம்.டி. சார்!" என்று ஒரு குரல் கொடுங்கள், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் திரும்புகிறவர் நம் கணேசபாண்டியன்.

தோல் பை தைக்கும் பட்டறைக்கு 'பேராச்சி லெதர்ஸ் பிரைவேட் லிமிடெட்' என்று பெயர் சூட்டி, மனைவி விஜயலட்சுமியின் சங்கிலியை அடகு வைத்து முதல் போட்டு, சட்டம் கேட்ட இரண்டாவது டைரக்டராகவும் அவளையே போட்டுக்கொண்டவர். மாட்டுங்கா ஆடிட்டர் பத்ரிநாராயணன் சொன்னாரே என்று கம்பெனிக்குத் தனி வங்கிக் கணக்கும் திறந்தார். திறந்ததோடு சரி. பால் பாக்கெட், பையனின் டியூஷன், மாமியாரின் கண் ஆபரேஷன், ஞாயிற்றுக்கிழமை மட்டன் எல்லாம் கம்பெனிக் கணக்கில் போகும். தோல் ஒட்டப் பசை வாங்க மட்டும் அரிசி டப்பாவில் விஜயலட்சுமி ஒளித்து வைத்த நோட்டுக் கிளம்பும். கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானய்யா" என்பார்.

விவரம் தெரியாத மனிதர் என்றா நினைக்கிறீர்கள்? மைத்துனன் சுடலைக்கண்ணன் கைமாற்றுக் கேட்டு ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் ஏறி வரட்டும். அப்போது பாருங்கள் அவருடைய சட்ட ஞானத்தை.

"மாப்ள, எங்கிட்ட இருக்கது பூராவும் கம்பெனிக் காசுலா. அதைத் தொடப்படாது. ஆடிட்டரு கொன்னே போடுவாரு."

ஆக, கணக்கைப் பிரிக்க அவருக்கு நன்றாகவே வரும். கடன் கேட்க ஆள் வர வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் மகளுக்குக் காதுகுத்து. தாராவி லேபர் கேம்ப் வட்டாரத்தில் பந்தல். பட்டறையிலிருந்த கியூஆர் அட்டையையும், பணம் விழுந்தால் கத்துகிற பெட்டியையும் தூக்கி வந்து மொய் மேஜையில் வைத்துவிட்டார். யார் போட்டாலும் தொகையை அது ஊரறிய இந்தியில் ஒப்பித்தது. இருநூறு நினைத்து வந்த சொந்தங்கள் மானத்துக்குப் பயந்து ஐந்நூற்றொன்று போட்டார்கள். அத்தனையும் போய் ஏறியது கம்பெனிக் கணக்கில்.

மறுநாள் பத்ரி போன் செய்தார்.

"சார், ஒரே நாள்ல இத்தனை பேருக்கா பை வித்தேள்?"

"மொய் சாமி அது. காதுகுத்து வச்சம்லா."

"பொண்ணுக்கா, கம்பெனிக்கா?"

அன்று சாயங்காலம் விஜயலட்சுமி வந்து நின்றாள். "ஏங்க, மொய்ப் பணம் வந்திருக்குல்லா. எஞ் சங்கிலியத் திருப்பிருவோம். விசேஷத்துல கவரிங் போட்டுக்கிட்டு நின்னேன். எங்க மதினி தொட்டுப் பாத்துட்டுச் சிரிச்சா."

பழக்க தோஷம். வாய் தானாகத் திறந்தது.

"அது கம்பெனிக் காசுலா. தொடப்படாது."

அவள் நேரே பத்ரியின் ஆபீசுக்குப் போனாள். இரண்டு டைரக்டர்களும் சம்மதித்தால்தான் கம்பெனிப் பணம் நகர வேண்டும் என்று வங்கிக்கு ஒரு கடிதம் தயாரானது. அதைக் கொண்டுவந்து நீட்டினாள். எம்.டி. வழக்கம்போல் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு, ஷகீல் பாயின் மட்டன் கடை. ஒன்றரைக் கிலோவை வெட்டிக் கட்டியாயிற்று. எம்.டி. போனை நீட்டினார். பணம் போகவில்லை. இன்னொரு டைரக்டரின் சம்மதத்துக்குக் காத்திருப்பதாகப் போன் சொன்னது. பின்னால் வரிசை வளர்ந்தது.

"க்யா ஹுவா சேட்? கம்பெனி பந்த்?" என்று, கம்பெனியை மூடியாச்சா என விசாரித்தார் ஷகீல் பாய்.

எம்.டி. மனைவிக்குப் போன் போட்டார். "ஏட்டி, போன்ல ஓகேன்னு வந்திருக்கும் பாரு, அமுக்கு."

"என்ன செலவு?"

"மட்டன்."

"அது வீட்டுச் செலவுலா. கம்பெனிக் காசைத் தொடப்படாது. மொய்ப் பணத்த வீட்டுக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நான் போட்டது ஒண்ணு உங்க ஓகேக்காக நிக்கு. மொதல்ல அதை அமுக்குங்க."

அமுக்கினார். மட்டனுக்கு அவள் அமுக்கவில்லை. திங்கட்கிழமை சங்கிலி கழுத்துக்கு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் கத்திரிக்காய்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். கையிலிருக்கும் இந்தப் புத்தகத்தை எந்தக் கணக்கில் வாங்கினீர்கள்? ஆபீஸ் செலவு என்று பில்லில் எழுதி வாங்கவில்லையே? சும்மா கேட்டேன். வரட்டுமா, எம்.டி. சார்?

பார்த்தீர்களா, திரும்பிவிட்டீர்கள்.