தட்டம்மை வார்டுக்கு வேன் வேண்டாம்

திருப்பதி,
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான தம்பி பிலிப்புக்கு அக்காள் ஞானசௌந்தரி எழுதுவது. நான் சுகம். சித்தூரில் நீயும், வேலைவெட்டி இல்லாத உன் சபைக் கமிட்டியாரும் என்னைவிடச் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். போனை எடுத்ததும் நீ ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறாய், ஆமென் வருவதற்குள் என் டீ ஆறிப்போகிறது.

உன் பேரன் காலேப்புக்குத் தட்டம்மை இறங்கிவிட்டது. கஞ்சி குடிக்கிறான், என் வார்டு நர்சுகளைக் கடிக்கிறான். அவனுக்காக இருபத்திரண்டு பேர் வேன் வைத்து வந்து, கட்டிலைச் சுற்றி நின்று பாடப்போகிறீர்களாமே, உனக்கு மூளை என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்று? வராந்தாவுக்கு இந்தப் பக்கம் தட்டம்மைப் பிள்ளைகள் பதினாறு. அந்தப் பக்கம் கைக்குழந்தைகள், தடுப்பூசி போடும் வயதுகூட வராததுகள். இங்கே வந்தவர்கள் அங்கேயும் எட்டிப்பார்க்காமல் போவதில்லை.

முதலில், 'ஒருவருக்கு மட்டும் அனுமதி' என்று மூன்று பாஷையில் போர்டு வைத்தேன். மறுநாள் அதன்மேல் ஈரத்துண்டு காய்ந்தது. அப்புறம் வாசலுக்கு சுரேஷ்பாபு என்று ஒரு வாட்ச்மேனைப் போட்டார்கள். அவன் வருகிறவர்களிடம் ஊர் கேட்பான். ஏர்பேடு என்றால் மாமியார் ஊர், நகரி என்றால் அக்காவைக் கொடுத்த ஊர், "மன ஊருவாள்ளு மேடம்", நம்ம ஊர்க்காரர்களாம், என்று கதவைத் திறந்துவிடுவான். உலகத்தில் அவனுக்குச் சொந்தமில்லாத ஊரே கிடையாது. அதற்கப்புறம், ஒருவருக்கு மேல் உள்ளே விடுகிறோமா என்று சோதிக்க ஓர் அதிகாரி வந்தார், பதினோரு பேரோடு. துண்டை எடுத்துவிட்டுப் போர்டு பக்கத்தில் நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இது போதாதென்று நேற்று நாகலாபுரத்து ரத்தினம்மா, மகள் காவ்யாவுக்குத் துணையாக இருப்பவள், ஊரிலிருந்து கொண்டுவந்த வேப்பிலைக் கொத்தை வார்டு வாசலில் செருகிவிட்டாள். "அம்மா வந்துகினு கீறா சிஸ்டரு. வெளியாளு உள்ள வந்தா சாமி குத்தம்" என்றாள். மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவள் நான், எனக்கு வந்ததே கோபம்! இரண்டு மணி நேரம் வார்டில் ஈ காக்கா இல்லை என்பது வாஸ்தவந்தான். வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே நின்றார்கள், சுரேஷ்பாபு கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதெல்லாம் தற்செயல். வேப்பிலையைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டு, கிருமி என்றால் என்ன என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். "உன் இஷ்டம் சிஸ்டரு" என்று ரத்தினம்மா உட்கார்ந்துவிட்டாள்.

பிரசங்கம் முடிவதற்குள் ஒன்பது பேர் உள்ளே. அதில் திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த ஒரு மகராசி, அம்மை கண்ட சொந்தக்காரப் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு நேரே எதிர் வார்டுக்குப் போய், யார் பெற்றதோ, எட்டு மாதத்துச் சீனுவைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். கேட்டால், "அழகாக் கீறானே, அதான்" என்கிறாள். வயது வராவிட்டாலும் அவனுக்கு அவசரத்துக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம். அம்மை காண்கிறதா என்று பத்து நாளாவது பார்க்க வேண்டும். அவன் என்னைக் கண்டால் சிரிக்கிறான், பிலிப்.

ஆகையால் வேன் வேண்டாம். ஜெபத்தைச் சித்தூரிலிருந்தே பண்ணுங்கள், கர்த்தருக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். அவரவர் வீட்டில் அவரவர் இருக்கும் கிருபையை அவர் உங்களுக்குத் தந்து, மூடப் பழக்கங்களிலிருந்து நம் எல்லாரையும் காப்பாராக.

உன் அக்காள்,
ஞானசௌந்தரி,
தலைமை நர்ஸ்

பி.கு.: சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தில் பெரிய கொத்தாக நாலு ஒடித்துக்கொண்டு, நீ மட்டும் கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸில் வா. இங்கே இருந்த மரத்தை வண்டி நிறுத்த வெட்டிவிட்டார்கள். கமிட்டியார் கேட்டால் கொசுவுக்கு என்று சொல். ரத்தினம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, தோரணமாகக் கட்டித் தருகிறேன் என்றிருக்கிறாள். கொத்தைப் படியிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடு. பேரனைப் பார்க்கிறேன் என்று உள்ளே கால் வைத்தாயோ, சாமி குத்தம்.