மாமாவின் துப்பாக்கியில் நான்கு துளைகள் போட அனுமதி கோரி

ஒமருரு,
ஜூன் கடைசி ஞாயிறு

மதிப்பிற்குரிய மைத்துனர் ஹார்ட்விக் அவர்களுக்கு, எக்கார்ட் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை இர்மேலாவும் இங்கே நலம். அங்கே ஸ்வாகோப்முண்ட் கடற்கரையில் மூடுபனி விலகியிருக்கும் என்றும், உங்கள் முழங்கால் வலியும் கூடவே கிளம்பிப் போயிருக்கும் என்றும் நம்புகிறோம்.

மறைந்த மாமாவின், உங்கள் அப்பாவின், மௌசர் துப்பாக்கியில் நான்கு துளைகள் போட உங்கள் அனுமதி வேண்டும். பதறாதீர்கள், குழலில் அல்ல. தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட் ஓடும் பகுதியின் முதுகில், ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாயைப் பொருத்துவதற்காக. ஸ்கோப் வைத்துச் சுடுகிறவர்களை மாமா எப்படிப் பேசுவார் என்பது எனக்கு மறக்கவில்லை. "நீ மானச் சுடலப்பா, கடையில வாங்கிட்டு வந்திருக்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அவர் காலமான பிறகு துப்பாக்கியை இர்மேலாவின் கையில் கொடுத்தபோது, இதில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று நீங்கள் சொன்னதும் மறக்கவில்லை. இருந்தாலும் என் நிலைமையைக் கேளுங்கள்.

பக்கத்துப் பண்ணைக் கெசினா அக்காவை உங்களுக்குத் தெரியும். அவர் நிலத்தில் வேட்டைக்கு வருகிற யாராக இருந்தாலும், முதலில் அவர் கண்ணெதிரே நூறு மீட்டரில் வைத்த அட்டைப்பெட்டியைச் சுட்டுக் காட்ட வேண்டும். தவறினால் துப்பாக்கி அலமாரிக்கு, ஆள் அடுப்படிக்கு. துப்பாக்கி மேல் இருக்கிற பின்குறி, முன்குறி, தூரத்துப் பெட்டி மூன்றையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். என் கண்ணுக்கு இப்போது மூன்றில் ஏதோ ஒன்றுதான் தெளிவாகத் தெரிகிறது. போன வருடம் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியைத் துளைத்துவிட்டேன். தண்ணீர் பீச்சியடித்தது. மாடுகள் வந்து வரிசையாக நின்றன. "மாட்டுக்கு ஷவர் வச்சுக் குடுத்திருக்க எக்கார்ட், ரொம்ப சந்தோஷம். போய் சாஸேஜப் புரட்டு" என்றார் அக்கா. வேட்டை முடியும்வரை புரட்டினேன். இந்த ஜூலையிலும் தவறினால் இனிமேல் இர்மேலா மட்டும் வேட்டைக்கு, நான் நிரந்தரமாகச் சமையலுக்கு என்று சொல்லிவிட்டார். செய்தியாளனாக இருந்த காலத்தில் எத்தனையோ பேர் பதவி இறங்குவதை எழுதியிருக்கிறேன். எனக்கே அது வரும்போது கரண்டியோடு வருகிறது.

உங்கள் சொல்லை மீறக்கூடாது என்றுதான் முதலில் துளையில்லாத வழியைத் தேடினேன். பின்குறியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் ஒரு தாங்கி விண்ட்ஹுக்கில் கிடைத்தது, ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையங்களோடு. வளையம் முப்பது மில்லிமீட்டர், நான் வாங்கிய ஸ்கோப்பின் குழாயோ ஓர் அங்குலம். விழுந்த இடைவெளியில் மின்வேலிக்கு ஒட்டுகிற டேப்பைச் சுற்றி இறுக்கினேன், கையால் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை, பிறகு பின்கட்டில் போய்க் கரையான் புற்றைப் பார்த்து ஒரு தோட்டா விட்டேன், ஸ்கோப்புக்குள் கூட்டல் குறியாக இருந்த குறுக்குக்கோடு பெருக்கல் குறியாகிவிட்டது, இன்னும் இறுக்கி இன்னொன்று விட்டேன், தாங்கியே இரண்டு விரற்கடை முன்னால் போய்விட்டது. இர்மேலா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு சுடுங்க, அதுவே நடந்து போய் மானப் புடிச்சிட்டு வந்துரும்" என்றாள்.

எனவே துப்பாக்கியை வென்டலினிடம் கொண்டுபோனேன். அவர் அப்பா காலத்திலிருந்து இந்த ஊருக்கு அந்த ஒரே துப்பாக்கிப் பட்டறைதான். என் டேப்பை இரண்டு விரலால் பிடித்து உரித்துப் பழைய எண்ணெய்த் துணியோடு போட்டார்.

"பத்திரிகைக்காரரே, இதுக்கு நாலு துளை போட்டு, முன்னால ஒரு தட்டு, பின்னால ஒரு தட்டு, அது மேல வளையம். வேற வழியே கிடையாது. வளையம் உசரமா, தாழ்வா?"

"உயரமாவே வைங்களேன். நல்லா தெரியும்ல?"

"உசரமா வச்சா கன்னம் துப்பாக்கிக் கட்டையில படாது, தாடைதான் படும். தாடையில வச்சா அதுக்குப் பேரு வயலின்."

"அப்போ தாழ்வா."

"தாழ்வா வச்சா போல்ட்டத் தூக்கும்போது அதோட பிடி ஸ்கோப்புல இடிக்கும். பாதுகாப்புத் தாழ் மேல பாத்து நிமிர்றது, அதுவும் இடிக்கும். பிடிய வளைக்கணும், தாழ மாத்தணும்."

"நடுவுல ஒரு உயரம்?"

"நடுவுல வச்சா ரெண்டும் நடக்கும். கன்னமும் படாது, பிடியும் இடிக்கும்."

தாழ்வான வளையம் என்று முடிவாயிற்று. பிடியை வளைக்க அவர் தயார். துளைக்கு மட்டும் தயங்குகிறார். "ஹார்ட்விக் எழுத்துல குடுக்கட்டும். அந்த மனுஷன் என்னைச் சுடறதுக்கு ஸ்கோப்பெல்லாம் தேடமாட்டார்" என்கிறார். அளவெடுப்பதற்காகத் துப்பாக்கியை அவரிடமே விட்டு வந்திருக்கிறேன். அக்காவின் வேட்டை ஜூலை இரண்டாம் சனிக்கிழமை. அதற்குள் உங்கள் சம்மதம் வராவிட்டால் நான் ஏப்ரனை இஸ்திரி போட்டு வைத்துக்கொள்கிறேன்.

மாமா இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டார் என்பது தெரிந்தேதான் கேட்கிறேன். அவருடைய வெறுங்கண் எனக்கு வாய்க்கவில்லை. இர்மேலா தன் அன்பையும் ஒரு பொட்டலம் பில்டாங் உப்புக்கண்டத்தையும் அனுப்புகிறாள். உங்கள் பல் தாங்கும்படி மெல்லியதாகச் சீவியிருக்கிறாள். கடவுள் உங்களுக்கு வெயிலையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும்.

பணிவுடன்,
எக்கார்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வென்டலின் தொலைபேசியில் அழைத்தார். அளவெடுக்க எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபோது, துப்பாக்கியின் முதுகில் மங்கலாக நான்கு வட்டங்கள் தெரிந்தனவாம். துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன. திருகாணி போட்டு அடைத்து, தலையைத் தட்டையாக ராவி, மேலே கரும்பூச்சும் பூசியிருக்கிறது. "எங்கப்பா கைவேலைதான் இது. உங்க மாமா யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருப்பார், எங்கப்பாவும் என்கிட்டகூட விடாம செத்துட்டார்" என்கிறார். ஆகவே மேலே அனுமதி கேட்டு எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். இதைக் கேட்டதும் இர்மேலா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அப்பா நினைவாக நீங்கள் எடுத்துப்போய், ஜன்னலோரம் வைத்துக் கப்பல் பார்க்கிறீர்களே, அந்தக் கையடக்கத் தொலைநோக்கிக் குழாய். அதற்குள் இருக்கிற கூட்டல் குறிக் குறுக்குக்கோடு கப்பலின் தூரத்தை அளப்பதற்கு என்று உங்களுக்குச் சொன்னது யார்? தயவுசெய்து அதன் குறுக்களவை அளந்து உடனே எழுதுங்கள். இந்தத் தடவை வளையத்தைச் சரியாக வாங்கிவிடுகிறேன்.