அமெரிக்க கித்தாரும் சுரண்டைச் சம்பந்தமும்

யாருக்கும் தெரியாத ஒன்றை நான் மட்டும் ரசிக்கிறேன் என்ற நினைப்பு இருக்கிறதே, அது ஒரு சொறி. சொறியச் சொறிய சுகமாக இருக்கும். அருவருப்பெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான். எனக்கு அது இருபத்தொன்பது வயதில் முற்றியிருந்தது.

அப்போது நான் தென்காசியில் ஒரு பம்புசெட் ஏஜென்சியில் விற்பனைப் பிரதிநிதி. பகலில் விவசாயிகளிடம் மோட்டாரின் குதிரைத்திறன் பற்றிப் பேசுவேன். மற்ற நேரமெல்லாம் காதில் ஹெட்போன். சினிமாப் பாட்டு கேட்பவர்களைப் பார்த்தால் பரிதாபப்படுவேன். ராக் கேட்பவர்களைப் பார்த்தால் பரிதாபம்கூட வராது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பனியனில் படம் போட்டு விற்கிற நாலு கித்தார்காரர்கள்தானே! என் ஆட்கள் வேறு. பெரிய பாடகர்களுக்குப் பின்னால் இருட்டில் நின்று வாசித்து, ரெக்கார்டு உறையில் பெயர்கூட வராமல் போனவர்கள். இரண்டு ஆல்பம் போட்டு, இரண்டும் விற்காமல், பெயிண்ட் அடிக்கப் போனவர்கள். ஒருவரை எவ்வளவு குறைவான பேருக்குத் தெரிகிறதோ அவ்வளவு பெரிய மேதை என்பது என் கணக்கு. (என் ஆள் ஒருவருடைய பாட்டு தப்பித் தவறி ஒரு கார் விளம்பரத்தில் வந்துவிட்டது. அன்றைக்கே அவரைக் கைவிட்டேன்.)

எனக்குக் கித்தார் வாசிக்க வருமா என்று கேட்பீர்கள். வராது. வீட்டில் ஒன்று இருந்தது. அம்மா அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போடுவாள்.

ஆனாலும் ஒரு மன்றம் வைத்திருந்தேன். ‘கண்டுகொள்ளப்படாத கித்தார் கலைஞர்கள் ரசிகர் மன்றம், தென்காசி வட்டம்.’ தலைவர் நான். செயலாளர், கடையநல்லூர் செய்யது. அவனுடைய அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர்தான் மன்றத்தின் மொத்த சொத்து. மூன்றாவது உறுப்பினர் என்று ஒருவரும் கடைசிவரை சேரவில்லை. அதையே எங்கள் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டோம்.

எங்கள் குலதெய்வம் மோசஸ் ஹார்க்கின்ஸ் என்ற ப்ளூஸ் கித்தார்காரர். (பெயரை மாற்றியிருக்கிறேன். அந்த மனிதர் என்னால் பட்டது போதும்.) எழுபத்தொன்பது வயது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊரில், சாப்பாட்டுக் கடை மூலையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். வேகமே கிடையாது. ஒரு சுரத்தைத் தொட்டு, கம்பியை மெல்ல வளைத்து மேலே கொண்டுபோய், சேரவேண்டிய இடத்துக்கு மயிரிழை முன்னால் நிறுத்திவிடுவார். கேட்கிற நமக்கு மூச்சு முட்டும். அவர் பாட்டுக்குச் சும்மா இருப்பார். பிறகு, போனால் போகிறது என்று அந்த மிச்சத் தூரத்தைக் கொடுப்பார். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வாசிப்பு அசல். அவருக்கு ரசிகர்கள் வேண்டியதுதான். நான் வேண்டியதில்லை.

அவருக்குக் குற்றாலத்தில் ஒரு பாராட்டு விழா நடத்துவது என்று நானும் செய்யதும் முடிவு செய்தோம். சீசன் நேரம், ஊரெல்லாம் கூட்டம். அருவியில் குளித்து, எண்ணெய் வழிய மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வருகிற ஜனங்கள் நேராக வந்து ப்ளூஸ் கேட்பார்கள் என்று நம்பினோம். ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குப் பிடித்தேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டைப் பார்க்க சுரண்டையிலிருந்து பெண் வீட்டார் வருவதாக இருந்தது.

பெண் பெயர் உமா. அதற்கு முன் நாலைந்து இடம் தட்டிப்போய், அப்பாவும் அம்மாவும் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்து ஓய்ந்திருந்தார்கள். இது மட்டும் கூடிவந்தது. அதைவிட முக்கியம், எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. போனில் பேச அனுமதியும் கிடைத்திருந்தது. பேசினேன். என்ன பேசினேன் என்கிறீர்கள்? தினம் ஒரு கித்தார்காரரைப் பற்றிப் பேசி, அவர் வாசித்ததை அனுப்பிவைத்தேன். அவள் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவாள். ஒருமுறை மட்டும், “இவரு ஏன் எப்பவும் வயித்துவலி வந்தமாரியே வாசிக்காரு?” என்று கேட்டாள். ப்ளூஸின் வரலாற்றை அடிமை முறையிலிருந்து ஆரம்பித்தேன். முடிக்கும்போது அவள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், சாப்பிட்டுவிட்டும் வந்திருந்தாள்.

காலையில் சம்பந்தம், சாயங்காலம் மோசஸ். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை என்று நினைத்தேன்.

விழாவுக்கு ப்ளெக்ஸ் வேண்டுமே. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம், அப்பாவைத் தெரிந்த முருகையா அண்ணாச்சி கடைக்குப் போய், மோசஸின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தேன். கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்து, உச்சத்தில் வாசிக்கிற படம். அண்ணாச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வயசு என்ன தம்பி?”

“எழுவத்தொம்போது.”

“நல்ல வயசுதான்.”

“வயசு என்ன அண்ணாச்சி வயசு. கடைசிவரைக்கும் யாருமே இவர கண்டுக்கலையே!” என் குரல் தழுதழுத்தது. (மோசஸைப் பற்றிப் பேசும்போது தழுதழுக்க வேண்டும் என்பது மன்ற விதி.)

“சொந்தக்காரங்க கூடவா?”

“உலகமே கண்டுக்கல அண்ணாச்சி.”

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். “விடுங்க தம்பி. இப்பமாவது செய்யுதீயள்லா. வாசகம் என்ன போட?”

“நீங்களே போடுங்க. இந்த முகத்தப் பாத்தா உங்க மனசுல என்ன தோணுதோ அதப் போடுங்க.”

“ரெண்டு பேனரு போதுமா? வீட்டுக்கு ஒண்ணு?”

“குத்தாலத்து லாட்ஜுக்கு ஒண்ணு. இன்னொண்ண வீட்டுக்கு அனுப்பிருங்க.”

காசைக்கூடக் குறைத்துக்கொண்டார். தென்காசியில் இப்படி ஒரு ரசிகரா என்று நெகிழ்ந்துபோய் வெளியே வந்தேன். மன்றத்தில் மூன்றாவது உறுப்பினராகச் சேர்த்துவிடலாம் என்றுகூட யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வீட்டில் யாரும் முன்வாசலை எட்டிப் பார்க்கவில்லை. பால் வாங்கப் போன அப்பா பின்வாசல் வழியாகவே போய் வந்தார். அம்மா கேசரியும் உளுந்த வடையுமாக அடுப்படியில் கிடந்தாள். நான் எந்தச் சட்டை போட்டால் அலட்சியமாக இருப்பதுபோல் தெரியும் என்று மெனக்கெட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். உமாவின் அப்பா, சித்தப்பா, அத்தை. உமாவின் அப்பாவுக்கு சுரண்டையில் இரும்புக்கடை, கடைக்கு விடுமுறையே ஞாயிறு மட்டும்தான். அதனால் முதலில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அத்தையின் தலையில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“வாங்க, வாங்க!” என்று அப்பா வாயெல்லாம் பல்லாக ஓடினார்.

பதிலுக்கு ஒருவரும் கும்பிடவில்லை. உமாவின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வந்து அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினார். சத்தம் போடாமல் உட்கார்ந்தார்கள். அடக்கமான குடும்பம் என்று அம்மா என் காதில் சொன்னாள்.

“எதிர்பாத்ததுதானா அண்ணாச்சி?” என்றார் உமாவின் அப்பா.

“ரெண்டு வருசமா எதிர்பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்!” என்றார் அப்பா. “கோயில் கோயிலா வேண்டாத நாளில்ல. இப்பதான் கூடிவந்திருக்கு.”

சித்தப்பா அத்தையைப் பார்த்தார்.

“வீட்ல எல்லாருக்கும் ரொம்ப சந்தோசம்” என்று அப்பா மேலும் சொன்னார்.

உமாவின் அப்பா பேச்சை மாற்றினார். “குத்தாலத்துலயும் பாத்தோம். அங்கனயும் போட்டிருக்கு. பெரிய மனுசரு போல.”

குற்றாலத்து பேனரைப் பற்றி இவர் சொல்கிறார் என்று புரிந்ததும் எனக்குச் சிறகு முளைத்தது. மாமனாருக்கு மோசஸைத் தெரிகிறது! “ரொம்பப் பெரிய மனுசரு மாமா. சாயங்காலம் அங்கனதான் நிகழ்ச்சி. நீங்களும் இருந்து கேட்டுட்டுப் போகணும்” என்றேன்.

“நிகழ்ச்சியா?” என்றார் சித்தப்பா.

அந்த நேரம் அம்மா கேசரித் தட்டோடு வந்தாள். அத்தை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். “இனிப்பா மதினி?”

“இன்னைக்கு மாதிரி நாளுல இனிப்பு இல்லாமயா?” என்று அம்மா ஒரு கரண்டியை அள்ளி வைத்தாள்.

அடுத்து நடந்ததை விவரிக்க எனக்கு இன்னும் கூசுகிறது. எதிர்வீட்டுப் பரமசிவம் மாமா கையில் பெரிய ரோஜா மாலையோடு உள்ளே வந்தார். எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் கேட்டார்.

“எப்ப எடுக்கீய?”

“அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்” என்றார் உமாவின் அப்பா.

“என்னத்த எடுக்க?” என்றார் அப்பா.

எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். காம்பவுண்டுச் சுவர் முழுக்க மோசஸ். கித்தாரை வெட்டி எறிந்துவிட்டு, கண் மூடி வாய் திறந்த தலையை மட்டும் மேகத்துக்கு நடுவில் மிதக்கவிட்டிருந்தார் முருகையா அண்ணாச்சி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. அதன் கீழே சிவப்பில்: ‘கடைசிவரை கண்டுகொள்ளாமல் விட்டோமே! எங்களை மன்னிப்பாயா?’ அடியில், ‘கண்ணீருடன்’ என்று போட்டு அப்பாவின் பெயர், தொழில், தெரு.

ஆக, பெற்ற தகப்பனையோ யாரையோ சோறு போடாமல் சாகவிட்டு, அதை ஊருக்கும் அறிவித்து, கேசரி கிண்டிக் கொண்டாடுகிற குடும்பம் நாங்கள்.

“ஏலே, யாருலே இவரு?” என்றாள் அம்மா.

அப்போதுகூடப் பிழைத்திருக்கலாம். “தெரியாம மாத்திக் கட்டிட்டாங்க” என்று சொல்லிக் கிழித்துப் போட்டிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு வடை தின்றிருப்பார்கள். ஆனால் என் வாழ்நாளிலேயே முதன்முறையாக மோசஸ் ஹார்க்கின்ஸின் படத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. அதுவும் அவரைப் பற்றி என்னிடம் கேட்கிறது. விடுவேனா?

“இவரு சாகல” என்று ஆரம்பித்தேன். இவர் எப்படி ஒதுக்கப்பட்டார், இவருடைய வாசிப்பைத் திருடி யார் யார் பணக்காரர் ஆனார்கள், சுரத்துக்கும் மௌனத்துக்கும் என்ன உறவு என்று தெருவில் நின்று விளக்கினேன். ரோஜா மாலையோடு பரமசிவம் மாமா கேட்டுக்கொண்டிருந்தார். நம்பாமல் போய்விடுவார்களோ என்று போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டேன். அவருடைய பாட்டிலேயே நீளமானது அது. நடுவில் யாரோ இருமியபோது கையமர்த்தி, “இந்த இடத்தக் கவனிங்க” என்றேன். சாரல் விழ ஆரம்பித்தது. அத்தையின் தலை மறுபடி நனைந்தது.

பாட்டு முடிந்ததும் உமாவின் அப்பா என் அப்பாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: “அண்ணாச்சி, வீட்ல ஒரு சாவு, துட்டின்னாகூட ஒரு வருசம் தள்ளிப்போட்டு முடிச்சுருவோம். இது ஒரு வருசத்துல சரியாவறமாரி தெரியலயே.”

அத்தை காரில் ஏறும்போது, “செத்தாரோ சாகலயோ, எதுக்கும் இன்னொரு முழுக்குப் போட்டுட்டே போயிருவோம்” என்றாள். கார் சுரண்டைப் பக்கம் திரும்பவில்லை. குற்றாலத்துக்கே திரும்பிப் போய் எங்களைத் தலைமுழுகிவிட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

விழாவும் நடக்கவில்லை. சீசன் நேரத்தில் வாசலில் சாவு பேனர் கட்டிய கோட்டிக்காரன் யார் என்று கேட்டு லாட்ஜ் மேனேஜர் செய்யதையும் ஸ்பீக்கரையும் பிடித்து வைத்துக்கொண்டு, நான் போய் பேனரை அவிழ்த்த பிறகுதான் ஸ்பீக்கரைக் கொடுத்தார்.

மறுநாள் உமாவிடமிருந்து செய்தி வந்தது. “அப்பா வேண்டாம்னுட்டாங்க. நான் பேசிப் பாக்கலாம்னு நினைக்கேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் என்ன வேலை பாக்கேன்?”

எனக்குத் தெரியவில்லை. அத்தனை நாள் பேசியிருக்கிறேன், அவளை ஒன்றுமே கேட்டதில்லை. கடைசியில் “டீச்சர்?” என்று அனுப்பினேன், கேள்விக்குறியோடு.

கட்டைவிரல் படம் வந்தது. அதோடு சரி. (ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் என்று பிறகு தெரிந்தது.) வலித்தது. ரொம்ப நாள் வலித்தது. அந்த வலியையும் ப்ளூஸ் என்று பெயர் வைத்து நான் ரசிக்கப் பார்த்தேன் என்பதுதான் கேவலம்.

பிறகு இலத்தூரில் பெண் எடுத்தார்கள். செல்வி வந்த மறுவாரமே அம்மா அவளுக்குக் கதை முழுவதையும் ஒப்பித்துவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் எந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தாலும் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: “நம்ம ஆளா, இவன் ஆளா?”

போன வருடம் மோசஸ் ஹார்க்கின்ஸ் உண்மையாகவே காலமானார். உலகம் கவனிக்கத் தவறிய மேதை என்று, அதுவரை கவனிக்காத பத்திரிகைகளெல்லாம் பக்கம் பக்கமாக எழுதின. படித்துவிட்டு எனக்குத் தாங்கவில்லை. அடுப்படிக்குப் போய், “மோசஸ் ஹார்க்கின்ஸ் செத்துட்டாரும்மா” என்றேன்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை. “மறுபடியுமா?” என்றாள்.

“சும்மா இருங்கத்தை” என்றாள் செல்வி. “அந்த மனுசன் மொதத் தடவ சாகாம இருந்திருந்தா, நான் இங்கன வந்து மாட்டியிருப்பேனா?”